பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு எவ்வளவு ஆயுள்?

மே மாதத்தில் ஒரு காலைப்பொழுது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் பிளஸ் டூ முடிவுகளை வெளியிடுகிறது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் வீட்டுக் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி போகிறது. அது வந்த சில நிமிடங்களிலேயே அத்தை அழைக்கிறார். சித்தப்பா அழைக்கிறார். அப்பாவோடு வேலை பார்ப்பவர் அழைக்கிறார். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்று குரல் கொடுக்கிறார். எல்லோருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: “எவ்வளவு?”

பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்குப் பதினேழு வயது. நல்ல எண்ணாக இருந்தால் அம்மாவே போனை வாங்கி எல்லோருக்கும் சொல்லிவிடுவார். எண் குறைந்திருந்தால் பிள்ளையையே பேசச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிற வீடுகள் உண்டு. அன்று மாலைக்குள் அந்த மூன்று இலக்க எண் பிள்ளையின் இன்னொரு பெயராகிவிடுகிறது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் “இவதான் 580 எடுத்தவ” என்று அறிமுகம் செய்கிறார்கள். 380 எடுத்தவன் அந்தக் கல்யாணத்துக்கு வருவதையே தவிர்த்துவிடுகிறான்.

அந்த எண்ணின் ஆயுள் என்னவென்று நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200க்குச் சுருக்கித்தான் கட் ஆஃப் போடுகிறார்கள். கலைக் கல்லூரிகளும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவரவர் பாடக்கணக்கில் தரவரிசை போடுகின்றன. ஆகஸ்ட், மிஞ்சினால் செப்டம்பருக்குள் சேர்க்கை முடிந்துவிடும். அதன்பிறகு அந்த எண்ணைத் தேடி வருபவர்கள் மிகக் குறைவு. வளாக நேர்காணலுக்கு வரும் பல ஐ.டி. நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. அவை கேட்பது 60தான், 98 இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 1-க்கும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஒரு பட்டம் வேண்டும். பிளஸ் டூவில் எத்தனை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சட்டம் படிக்க ஆசைப்பட்டால், ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம்.

அதாவது, மே மாதம் பிறக்கும் அந்த எண் செப்டம்பருக்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. நான்கு மாதம்தான். அந்த நான்கு மாதச் சீட்டுக்காக ஒரு பிள்ளையின் பதிமூன்று வயது முதல் பதினேழு வயது வரையிலான வாழ்க்கையை அடகு வைக்கும் பழக்கம் நம்மிடம் எப்படி ஊறியது?

சுவர்களில் எழுதிய எண்கள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-ல். அதற்கு முன்பு பள்ளி இறுதி வகுப்பை முடித்துப் பி.யூ.சி. போனார்கள். பிளஸ் டூ வந்த சில ஆண்டுகளில், 1984-ல், தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 2007-ல் நுழைவுத் தேர்வு நீங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அது நல்லது செய்தது. பயிற்சி மையம் இல்லாத ஊர்களிலிருந்தும் மருத்துவர்கள் வந்தார்கள். ஆனால் அதன் மறுபக்கமாக, பிளஸ் டூ மதிப்பெண் என்ற ஒன்றின் மேல் முழுப் பாரமும் விழுந்தது. மருத்துவமா பொறியியலா, அரசுக் கல்லூரியா தனியாரா, ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அன்றைய மொத்தமான 1200க்கு எத்தனை என்பதில் அடங்கியது.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துத் தங்கும் விடுதிப் பள்ளிகள் அந்தக் காலத்தில்தான் பேருருவம் எடுத்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பெற்றோர் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். விடியுமுன் எழுப்பி, இரவு பத்து மணிக்கு மேலும் படிக்க வைத்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்திய பள்ளிகள் ஏராளம். பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லையே, எதற்கு வீண் நேரம் என்பது அவர்கள் கணக்கு. அப்படி வந்த பிள்ளைகள் பலர் பொறியியல் முதலாண்டில் கணக்கிலும் இயற்பியலிலும் தடுமாறினார்கள். 1150 எடுத்தவர்கள் முதல் பருவத்தில் அரியர் வைத்தார்கள். கல்லூரி ஆசிரியர்கள் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

முடிவு வெளியான மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் மாநில முதலிடம் பெற்றவர் வாயில் அம்மா லட்டு ஊட்டும் படம் வரும். உள்ளே மாவட்ட வாரியாக முதல் மூன்று இடங்கள். பேருந்துகளின் பின்புறத்திலும் நெடுஞ்சாலைச் சுவர்களிலும் பள்ளிகளின் விளம்பரம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அடியில் எண்கள். இதில் பத்திரிகை உலகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. முதலிடம் பெற்றவரைத் தேடி ஓடிய புகைப்படக்காரர்களின் காலடியில்தான் அந்த விளம்பரச் சந்தை வளர்ந்தது.

2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தியது. மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கமாட்டோம் என்றது. பள்ளிகள் மாணவர் படம் போட்டு விளம்பரம் செய்யக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. அப்போது செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சர், உதயச்சந்திரன் துறைச் செயலர். அடுத்த கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மொத்த மதிப்பெண் 600 ஆனது. முதலிட அறிவிப்பை நிறுத்தினால் மாணவர்களுக்கு ஊக்கம் போய்விடும், போட்டி செத்துவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். ஒன்றும் சாகவில்லை. 2025-ல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. யார் முதல் என்று ஊருக்குத் தெரியாமலேயே பிள்ளைகள் படித்தார்கள். சமீப காலத்தில் தமிழகப் பள்ளிக்கல்வியில் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு இதுதான் என்பேன்.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வின் கதை வேறு மாதிரிப் போனது. பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்க வந்த மருந்து அது. ஆனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமையாக அது பிள்ளைகளின் தலையில் இறங்கியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பள்ளிகள் செய்த தவறைத் திருத்த மாணவர்களுக்குத் தேர்வு வைத்தோம். பள்ளிகளைக் கண்காணித்திருக்க வேண்டும். இனி அந்தக் கண்காணிப்பு இல்லையென்றால் பழைய குதிப்பு நாளையே திரும்ப வரும்.

அந்தப் பயம் பொய்யல்ல

“மார்க்கெல்லாம் முக்கியமில்லை, பிள்ளைகள் விருப்பப்படி விடுங்கள்” என்று மேடையில் பேசுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே கரையேறியவர். சொந்த வீடு, நகரத்தில் நாலு தொடர்பு, பிள்ளை ஓராண்டு சும்மா இருந்தாலும் தாங்கும் வருமானம் உள்ளவர்.

ஒரு ஏக்கர் மானாவாரி நிலமும் வட்டிக் கடனும் உள்ள வீட்டில் மதிப்பெண்ணுக்கு வேறு பொருள். கட்டட வேலைக்குத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற அப்பாவுக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட குடும்பங்களுக்கு, யாரிடமும் கைகட்டி நிற்காமல் கிடைத்த முதல் ஏணி அரசுப் பள்ளிப் படிப்பும் அதன் மதிப்பெண்ணும்தான். அவர்களிடம் போய் அது முக்கியமில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. “நல்லா படிச்சா படிக்க வைப்போம், இல்லன்னா மாமா பையன் இருக்கான்” என்கிற பேச்சு இன்றும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. அங்கே ஒரு பெண் எடுக்கும் மதிப்பெண் அவளுடைய கல்யாணத்தை மூன்று நான்கு ஆண்டு தள்ளிவைக்கிற கேடயம். அவளிடமிருந்து அதைப் பறிக்காமல் அவள் சுமையை எப்படிக் குறைப்பது?

இதற்கு ஒரு விடை நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் ஆண்பிள்ளைகளுக்கும் அது வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை மதிப்பெண் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. படிப்பைத் தொடர்ந்தால் பணம் வரும். 590 எடுத்தவளுக்கும் 310 எடுத்தவளுக்கும் ஒரே ஆயிரம். முந்திக்கொண்டு ஓடுவதை விட நின்றுவிடாமல் தொடர்வதே பெரிது என்று ஓர் அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் எடுத்துச் சொல்கிறது. வெற்றிக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இன்னொரு பயமும் பொய்யில்லை. இடம் உண்மையிலேயே குறைவு. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வை 2024-ல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், பிளஸ் டூ முடித்தும் ஓராண்டு, ஈராண்டு என்று பயிற்சி மையத்திலேயே கிடக்கும் ‘ரிப்பீட்டர்’ பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களோடு படித்தவர்கள் கல்லூரி அடையாள அட்டையோடு ஊருக்கு வரும்போது இவர்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த அனிதா, 1200க்கு 1176 எடுத்திருந்தும் மருத்துவ இடம் மறுக்கப்பட்ட நிலையில் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனார். மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று அவரிடம் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயமல்ல அது. பிளஸ் டூ மதிப்பெண் இருந்த இடத்தில் நீட் மதிப்பெண்ணை வைத்து, ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகுதான் அந்தப் பள்ளிகளிலிருந்து நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆகவே வெற்றியைப் புதிதாக வரையறுப்பது என்றால் பிள்ளைகளின் மனத்தை மட்டும் மாற்றுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் மாற்றுவதும் அதில் சேரும்.

மருத்துவத்தில் இப்படி என்றால் பொறியியலில் நேர்மாறு. தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பின் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாக மிஞ்சுகின்றன. பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எங்கோ ஓரிடம் நிச்சயம். இருந்தும் கட் ஆஃபில் அரை மதிப்பெண் போனதற்காக வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாமல் கிடக்கிறது. அங்கே நடப்பது கௌரவச் சண்டை. படிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேர்வு காரணமில்லை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வதே தவறு. ஆனால் தேர்வு முடிவு வரும் வாரத்தை மனநல மருத்துவர்கள் ஆண்டுதோறும் கவலையோடு எதிர்கொள்கிறார்கள் என்பது உண்மை.

அந்த வாரத்தில் என்ன செய்தால் பலன் இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அனுபவமே சான்று. முன்பெல்லாம் மார்ச் தேர்வில் தவறினால் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். எழுதித் தேறினாலும் அந்த ஆண்டின் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும். ஒரு பாடத்தில் நாலு மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு வருடம் தண்டனை. உடன்படித்தவர்கள் எல்லாரும் போய்விட, தான் மட்டும் ஊரில் ‘ஃபெயிலானவன்’ என்ற பெயரோடு நிற்க வேண்டும். முடிவு வந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள்ளேயே மறுபடி எழுதும் உடனடித் துணைத் தேர்வு வந்த பிறகு இந்த நிலை மாறியது. 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ‘சினேகா’ அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இந்த மாற்றத்தை வலியுறுத்தியவர்களில் ஒருவர். தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் அதன்பின் குறைந்தன என்று அவர் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வருகிறார்.

அந்தத் தேர்வில் வினாத்தாள் எளிதாகவில்லை. தேர்ச்சி மதிப்பெண்ணும் குறையவில்லை. ‘முடிந்தது’ என்று இருந்த இடத்தில் ‘அடுத்த மாதம்’ என்று ஒரு தேதியை வைத்தார்கள், அவ்வளவுதான். பதினேழு வயதில் ஒரு தேதி உயிரைப் பிடித்து நிறுத்தும். வளரிளம் பருவத்தில் அந்த நேரத்து வலி என்றைக்கும் இருக்கும் என்றே தோன்றும்; ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிற திறன் மூளையில் இன்னும் முழுதாக முதிர்ந்திருக்காது. அதைப் பெரியவர்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

முடிவு வரும் நாளில் 104 என்ற எண்ணை அழைத்தால் தமிழ்நாடு சுகாதாரத் துறையின் ஆலோசகர்கள் பேசுவார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டு எண்களும் ஹால் டிக்கெட்டின் பின்புறத்திலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் இருக்கட்டும்.

நாலு மணி அலாரம்

நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், விடுதி வார்டன் விசில் அடித்தே சொல்கிறார். இரவு ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிய காலத்தில் அது சரி. ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தவர்கள் அவர்கள்.

இன்றைய பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு மாலை டியூஷன் முடியவே எட்டரை. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கப் பதினொன்றரை. பதின்வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்னுக்கு நகர்கிறது. தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு பெரியவர்களைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு விழித்துக்கொண்டிருப்பதும் காலையில் எழ மறுப்பதும் உடற்கூறு. சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. பகலில் படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான். பதினொன்றரைக்குப் படுத்தவனை நாலு மணிக்கு எழுப்பினால், நேற்றுப் படித்ததைப் பதிய விடாமல் தட்டிவிட்டு, புதிதாக ஏதோ திணிக்கிறோம் என்று பொருள்.

தூக்கம் போனால் எரிச்சல் வரும், அழுகை வரும், சின்னத் தோல்வி பெரிதாகத் தெரியும். ‘பிள்ளை முன்ன மாதிரி இல்லை, எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறான்’ என்று மருத்துவரிடம் வரும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது வீட்டு அலாரத்தை. செலவே இல்லாத சிகிச்சை இது. டியூஷன் ஒன்றைக் குறைத்தால் பணமும் மிச்சம்.

வீட்டின் அளவுகோல்

டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றி 2023-ல் மறைந்த உளவியலாளர் சுனியா லூதர், வசதியான வீடுகளின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வறுமையில் வளரும் பிள்ளைகளுக்குத்தான் மனநலச் சிக்கல் வரும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், மதிப்பெண்ணுக்குப் பேர்போன பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடமும் மனச்சோர்வும் பதற்றமும் போதைப் பழக்கமும் அதிகம் என்று அவர் காட்டினார். 2017-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். உன் அப்பாவும் அம்மாவும் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள், வரிசைப்படுத்து என்றார்கள். பட்டியலில் பாதி நல்ல மதிப்பெண், பிற்கால வேலை போன்றவை. மீதிப் பாதி பிறரிடம் அன்பாக, மரியாதையாக இருப்பது போன்றவை.

அன்பைவிடச் சாதனையே என் பெற்றோருக்குப் பெரிது என்று எண்ணிய பிள்ளைகளிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது, தன்மதிப்பு குறைவாக இருந்தது. அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைவாகவே இருந்தது என்பதைத்தான் நம் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கும் அழுத்தம் மதிப்பெண்ணையும் கூட்டித் தருவதில்லை. அந்த ஆய்வு கேட்டது பிள்ளையின் மனத்தில் பதிந்த பெற்றோரைப் பற்றி. ‘நான் அப்படி நினைக்கவே இல்லையே’ என்று ஓர் அப்பா சொல்லலாம். பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே கணக்கில் வரும்.

எப்படிப் போய்ச் சேர்கிறது? “உனக்காக நகையை அடகு வைச்சிருக்கோம்.” உண்மைதான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கடன் பத்திரமாக வாங்கிக்கொள்கிறது. “பெரியப்பா பையனைப் பாரு.” பெரியப்பா வீட்டில் அவனிடம் யாரைக் காட்டுகிறார்களோ. பள்ளியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, “டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?” சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றுவதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

வீட்டில் வேறு எதெல்லாம் பாராட்டுப் பெறுகிறது என்றும் பார்க்க வேண்டும். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையன், தம்பியின் சைக்கிள் செயினைத் தானே மாட்டிவிடும் பெண், தோற்ற பிறகும் எதிரணியோடு கைகுலுக்கி வருகிற கபடிக்காரன், மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு கணக்கைத் தானே போட்டு முடித்தவன். இவற்றை வீட்டுக்கு வந்த உறவினரிடம் நாம் சொல்வதுண்டா? மதிப்பெண்ணை மட்டும்தான் சொல்கிறோம். அதனால் பிள்ளை தன்னிடம் வேறு எதுவுமே இல்லை என்று முடிவு செய்துகொள்கிறது.

நூறு விழுக்காடு என்னும் நோய்

சிங்கப்பூர் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயரை அறிவிப்பதை 2012-ல் நிறுத்தியது. 2019 முதல் மாணவர் அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று போடுவதில்லை. 2021-ல் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகளை வரிசைப்படுத்திய பழைய முறையை மாற்றி, அகலமான தரநிலைகளைக் கொண்டுவந்தது. அங்கேயும் டியூஷன் தொழில் ஓயவில்லை என்று அங்குள்ள தமிழ்ப் பெற்றோரே சொல்வார்கள். அரசு ஓர் அடி வைத்தால் சமூகம் உடனே ஓர் அடி வைத்துவிடாது. அதற்காக அரசு நிற்க வேண்டியதில்லை.

நம் ஊரில் அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடி பள்ளிகளின் மேல். மாணவரை முதல், இரண்டு என்று அறிவிப்பதை நிறுத்தினோம். பள்ளிகளை அப்படியே விட்டுவிட்டோம். ‘100 விழுக்காடு தேர்ச்சி’ என்ற பதாகை இன்றும் நுழைவாயிலில் தொங்குகிறது. அதைத் தொங்கவிட என்ன நடக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற தனியார் பள்ளிகள் பல உண்டு. தனித்தேர்வராக எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. மதிப்பெண் வாரியாகப் பிரிவு பிரித்து, கடைசிப் பிரிவுக்கு எந்த ஆசிரியரும் போக விரும்பாத நிலையை உண்டாக்குகிறார்கள். அரசுப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே தேர்ச்சி குறைந்த தலைமையாசிரியரை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்து விளக்கம் கேட்கிறார்கள். அவர் திரும்பிவந்து ஆசிரியரைக் கேட்கிறார். ஆசிரியர் வகுப்புக்குப் போய் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் உள்ளவனைக் கேட்கிறார். அவமானம் படிப்படியாகக் கீழிறங்கி, திருப்பிச் சொல்ல முடியாத பிள்ளையிடம் போய் நிற்கிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து வகுத்த நெறிமுறைகளில், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதையும் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதையும் சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பயிற்சி மையங்களைக் குறிப்பாகச் சுட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்த உத்தரவு ஒட்டப்பட்டிருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் கேட்கலாம்.

பள்ளியை அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியை அளக்கத்தான் வேண்டும். எதை வைத்து அளப்பது என்பதே கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 100 பிள்ளைகளில் எத்தனை பேரைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அந்தப் பள்ளி கைவிடாமல் வைத்திருந்தது? முடித்து இரண்டாண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ வேலையிலோ இருக்கிறார்கள்? தேறாதவனைத் துரத்திவிட்டு 100 விழுக்காடு காட்டுகிற பள்ளி இந்தக் கணக்கில் தோற்கும். 15 பேர் முதல் முறை தவறினாலும் அவர்களைத் துணைத் தேர்வு எழுதவைத்துப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்ட பள்ளி ஜெயிக்கும்.

இதற்கான கருவிகள் எல்லாம் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறையின் தகவல் தளமான ‘எமிஸ்’ எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர் பன்னிரண்டில் இருக்கிறாரா என்று அதில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் நடக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களில், பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அழைத்து, அங்கேயே கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுக்கிறார்கள். தவறியவர்களைத் துணைத் தேர்வுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புதான் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. மே மாதத்தில் மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு வெளியிடும்போது பக்கத்திலேயே இன்னொரு பத்தியும் வரட்டும்: இந்த மாவட்டத்தில் இரண்டாண்டுக்கு முன் பிளஸ் டூ எழுதியவர்களில், தேறியவர் தவறியவர் எல்லோரையும் சேர்த்து, இன்று படிப்பிலோ வேலையிலோ இருப்பவர்கள் இத்தனை பேர் என்று. பள்ளிக்கல்வித் துறையும் உயர்கல்வித் துறையும் கலந்து ஓர் அரசாணை போட்டால் அடுத்த தேர்வு முடிவுக்குள் இதைச் செய்துவிடலாம்.